தணல் சாடியின் மூடி

கனாசாவா,
பிப்ரவரி 5

அன்புள்ள தங்கை தோமோயேவுக்கு,

பனி ஜன்னல் விளிம்பு வரை ஏறிவிட்டது. நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஹகோதாதே கடற்காற்றில் காலுறை இல்லாமல் நடக்காதே என்று ஒவ்வொரு குளிர்காலமும் எழுதுகிறேன். நீயும் ஒவ்வொரு குளிர்காலமும் நடக்கிறாய்.

உன் சென்ற கடிதத்தில் தேதி இல்லை. நம் பள்ளி மதர் அகதாவாக இருந்தால் உறையோடு திருப்பி அனுப்பியிருப்பார்.

புத்தாண்டு நாளின் நிலநடுக்கத்தில் என்ன சேதம் என்று கேட்டிருந்தாய். பெரிதாக ஒன்றுமில்லை. கூரையில் எட்டு ஓடுகள், இரண்டு தேநீர்க் கோப்பைகள், மாமியார் காலத்துத் தணல் சாடியின் மூடி. மூடி நடுவில் இரண்டாகப் பிளந்துவிட்டது. சாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

நடுக்கத்தின்போது பக்கத்து வீட்டு ரிட்சு கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. பாய் விரித்த கூடத்தில் செருப்பு! "வாங்க ஹிசாயோ அம்மா, என்னை அப்பறம் திட்டலாம், மொதல்ல உயிரோட இருங்க" என்று கத்தி, என்னை ஆற்றங்கரைக்கு இழுத்துப்போனாள். எல்லாம் அடங்கியதும் எங்கள் வரிசை வீடுகளைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா, உங்க வீடும் என் வீடும் ஒண்ணையொண்ணு புடிச்சிக்கிட்டு நிக்குது. குடிகாரங்க ரெண்டு பேரு மாதிரி." நூற்றிருபது வருட வீட்டைக் குடிகாரனுக்கு ஒப்பிடுவதை நான் ரசிக்கவில்லை. செருப்புத் தடத்தைத் துடைக்க அரை மணி நேரமானது.

ஆற்று மீனைச் சோயாவிலும் சர்க்கரையிலும் சுண்டக் காய்ச்சி முன்வாசலில் விற்கும் தொழில் அவளுக்கு நன்றாகத்தான் நடக்கிறது. அந்த மணம் பலகைச் சுவரைத் தாண்டி என் அறைக்குள் வந்துவிடுகிறது. நேற்று ஒரு கிண்ணம் கொடுத்தாள். இனிப்பு அதிகம். முழுவதும் சாப்பிட்டேன்.

காலுறை அணிந்துகொள்.

உன் அக்கா
ஹிசாயோ


ஹகோதாதே,
பிப்ரவரி 18 (தேதி போட்டுவிட்டேன்!)

அன்புள்ள அக்காவுக்கு,

கடல் உறையவில்லை, நான் உறைந்துவிட்டேன். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

செருப்போடு ஓடிவந்த ரிட்சு அம்மாவுக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடுங்கள். தர மாட்டீர்கள், தெரியும். தலையாவது அசையுங்கள்.

ஒரு விஷயம். அந்த உடைந்த மூடியைத் தூக்கி எறியுங்கள். தேநீருக்குத் தேயிலைத் தண்டு வறுத்த பிறகு தணலைச் சாடியில் போட்டு மூடினால், காற்று புகாமல் இருந்தால்தானே அது அணையும்? பிளவு வழியாக மூச்சு விட்டுக்கொண்டு உள்ளேயே உயிரோடு கிடக்கும். நீங்கள் இருப்பது மரத்தால் ஆன தெரு. இங்கே சந்தையில் ஒரு மூடி வாங்கி அனுப்பியிருக்கிறேன். அழகில்லைதான், ஆனால் மூடும்.

தங்கை
தோமோயே


கனாசாவா,
மார்ச் 3

அன்புள்ள தோமோயேவுக்கு,

ஆற்றோரத்துப் பிளம் மரம் பூத்துவிட்டது. நான் நலம். நீயும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

நீ அனுப்பிய மூடியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. விரற்கடை அகலம் கூடுதல், நிறமும் சேரவில்லை. உடைந்த இரண்டு துண்டுகளையும் ஒட்டினாற்போல் வைத்தால் சாடி நன்றாகவே மூடிக்கொள்கிறது. இடையில் ஒரு தாள் நுழையும் அளவுதான் இடைவெளி. அறுபது வருடங்களாகத் தணல் கையாண்டவள் நான். தீயைப் பற்றி எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அவருடைய மாத நினைவு நாளான பதினேழாம் தேதிதோறும் நானே தண்டு வறுத்துத் தேநீர் வைத்துப் படைக்கிறேன். கடையில் வறுத்ததை அவர் வாயில் வைத்ததில்லை. இருபத்திரண்டு வருடங்களில் ஒரு மாதம் தவறியதில்லை.

ரிட்சுவிடம் தலையசைத்தேன். "கழுத்து சுளுக்கா?" என்று கேட்டாள்.

உன் அக்கா
ஹிசாயோ


கனாசாவா,
மார்ச் 24

அன்புள்ள தோமோயேவுக்கு,

செய்தியில் பார்த்திருப்பாய் என்பதால் முதலிலேயே எழுதுகிறேன். நான் நலம்.

சென்ற ஞாயிறு, பதினேழாம் தேதி, மாலை நான்கு மணிக்கு ரிட்சுவின் வீடு எரிந்துபோனது. யாருக்கும் காயமில்லை. நான் கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சந்து முழுக்கப் புகை. என் வீட்டில் பின்கட்டுச் சுவர் மட்டும் கருகியது. காற்று மறுபக்கம் அடித்ததால் வரிசை தப்பியது.

அவள் அடுப்பில் மீனை வைத்துவிட்டு, முன்வாசலில் வாடிக்கையாளருக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாளாம். அவள் சமையலறையிலிருந்துதான் தீ கிளம்பியிருக்க வேண்டும் என்று தீயணைப்பு அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் ரிட்சு வீடு வீடாக வந்தாள். தீ கிளம்பிய வீட்டார் செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்தாள். யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் கிமோனோ. கையில் ஊதா நிறக் கோடு போட்ட துண்டுகள், ஒவ்வொன்றும் வெள்ளைத் தாளில் சுற்றியது. பதினான்கு கதவுகள். முதல் கதவு என்னுடையது. வாசல் கல்லில் மண்டியிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தாள். "என் வீட்டுத் தீயால உங்களுக்குப் பெரிய தொந்தரவு குடுத்துட்டேன். அடுப்பை அணைச்ச ஞாபகம்தான் இருக்கு. ஆனா என் ஞாபகத்தை நானே இனி எப்படி நம்பறது?" என்றாள்.

"நடக்கறதுதானே, கவலைப்படாதீங்க" என்றேன்.

உள்ளூர்ச் செய்தி இவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
ஹிசாயோ


ஹகோதாதே,
ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் உண்மையில் எப்படி இருக்கிறீர்கள்? சாப்பாடு இறங்குகிறதா? தொலைபேசியில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. கேட்டால், முக்கியமானதைக் காகிதத்தில்தான் சொல்ல வேண்டும் என்பீர்கள். சரி, காகிதத்திலேயே கேட்கிறேன்.

பாவம் அந்த ரிட்சு அம்மா. எங்கே தங்கியிருக்கிறார்?

அக்கா, பதினேழாம் தேதி அத்தானின் நாள் அல்லவா? அன்றும் தண்டு வறுத்தீர்களா? எத்தனை மணிக்கு? சாடியை வழக்கம்போலப் பின்கட்டில் அந்தப் பொதுச் சுவரை ஒட்டித்தான் வைத்தீர்களா?

சும்மா கேட்கிறேன். பதில் எழுதுங்கள்.

தங்கை
தோமோயே


கனாசாவா,
ஏப்ரல் 28

அன்புள்ள தோமோயேவுக்கு,

செர்ரிப் பூ வந்த வேகத்தில் போய்விட்டது. இந்த ஆண்டு மழை அதைத் தங்கவிடவில்லை. நான் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடு.

ரிட்சுவின் வீட்டில் மிச்சமிருந்ததையும் இடித்துவிட்டார்கள். அதனால் எனக்கு ஒரு புதுத் தொல்லை. கூடத்துக் காகிதக் கதவு மூடவில்லை. மேலே ஒரு சாப்பாட்டுக் குச்சி நுழையும் அளவு சந்து விழுந்தது. பத்து நாளில் அது இரண்டு விரல் அகலமானது. தச்சர் ஷிமோதாவை அழைத்தேன். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"என்னய்யா?" என்றேன்.

"இத்தனை வருஷமா உங்க வீடு அந்தம்மா வீட்டு மேலதாங்க சாஞ்சுக்கிட்டு நின்னுருக்கு. இப்ப அது இல்ல. அதான் இது தேடுது."

ரிட்சுவிடம் அனுமதி வாங்கி, அவள் மனையில் மூன்று முட்டுக்கட்டைகளை ஊன்றி என் சுவரைத் தாங்க வைத்திருக்கிறார். அவள் உடனே சம்மதித்தாளாம். இதற்கும் மன்னிப்புக் கேட்டாளாம்.

அவள் கொமாட்சுவில் அக்கா மகன் வீட்டுக்குப் போகிறாள். தீ கிளம்பிய வீட்டார் பழைய தெருவில் தங்குவது வழக்கமில்லையே. விடைபெற வந்தபோது தேநீர் கொடுத்தேன். கோப்பையை வாங்குமுன் என் அடுப்பு இருக்கும் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அணைச்சிட்டீங்கதானே?" என்று இரண்டு முறை கேட்டாள்.

நீ கேட்டவற்றைப் பிறகு எழுதுகிறேன். இன்று கை வலிக்கிறது.

உன் அக்கா
ஹிசாயோ


ஹகோதாதே,
மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

கை வலி தேவலையா?

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, கன்னியர் மடத்துப் பள்ளியில், மாதா சொரூபத்தின் சுண்டு விரலை உடைத்துவிட்டேன். துடைக்கும் முறை அன்று வேறொரு பெண்ணுக்கு. அவள்மேல்தான் பழி விழும் என்று நான் பேசாமல் இருந்தேன். என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதர் அகதாவின் அறைக்குப் போனது யார்? "சொல்றதுக்கு முந்தியும் நீ பொய்காரிதான். சொன்னதுக்கப்பறம்தான் மனுஷி" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னது யார்? அந்தக் காது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது அக்கா.

அதனால் நேராகக் கேட்கிறேன். அந்தத் தீ உங்கள் சாடியிலிருந்து வந்ததா?

தோமோயே


ஹகோதாதே,
ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

கணவாய் மீன் பருவம் தொடங்கிவிட்டது. படகு விளக்குகள் ஜன்னலில் தெரிகின்றன. நீங்கள் நலம்தானா என்று தெரியவில்லை. இன்றோடு ஐந்து வாரம்.

பதில் இல்லாததையே பதிலாக எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. உங்கள் கையெழுத்தில் வேண்டும்.

தோமோயே


கனாசாவா,
ஜூன் 23

தோமோயேவுக்கு,

மழைக்காலம் நேற்றுத் தொடங்கியது.

ஆமாம்.

அன்று இரண்டு மணிக்குத் தண்டு வறுத்தேன். தணலைச் சாடியில் போட்டேன். மூடியின் இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்தேன். சேர்ந்தது என்றுதான் நினைத்தேன். பனிக்காகக் கட்டி, குளிர்காலம் முடிந்து கழற்றிய வைக்கோல் பாய்கள் சாடிக்கு அருகில் சுவரில் சாய்ந்திருந்தன. தேநீரைப் படைத்துவிட்டுக் கல்லறைக்குக் கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது தீ பலகைச் சுவருக்குள் புகுந்து அவள் பரணுக்கு ஏறிவிட்டிருந்தது. என் பக்கத்தில் பாய் எரிந்து முடிந்து சுவர் புகைந்துகொண்டிருந்தது. அது வரைக்கும் விபத்து. அதற்குப் பிறகு நடந்தது விபத்தில்லை. எல்லாரும் முன்வாசலில் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தபோது, நான் பின்கட்டுக்குப் போய்ச் சாடியை ஈரத்துணியால் தூக்கி, குளியலறையில் வைத்துக் கழுவித் துடைத்து, அலமாரியில் தேநீர்ப் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்தேன். யோசித்துச் செய்தேன். கை நடுங்கவில்லை. மூடியில் ஒரு பாதிதான் கிடைத்தது. மறுபாதி எரிந்த சுவருக்குள் விழுந்திருந்தது.

இந்த மாதம் ஐந்தாம் தேதி ஷிமோதா மனையைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பாதியைக் கண்டெடுத்தார். என் வாசலுக்குக் கொண்டுவந்து, "இது உங்களுதா, அந்தம்மாவுதா?" என்றார். கையில் ஏந்தியபடி நின்றார். மழைத்தூறல் அதன்மேல் விழுந்து கரி ஒழுகியது.

"அவங்களுதா இருக்கும்" என்றேன்.

ரிட்சுவின் மிச்சப் பொருள்களோடு அதையும் பெட்டியில் வைத்துக் கொமாட்சுவுக்கு அனுப்பிவிட்டார்.

சொல்லி என்ன ஆகும் என்று தினமும் கணக்குப் போடுகிறேன். எரிந்த வீடு எழுந்து வராது. எண்பத்து நான்கு வயதில் நான் பதினான்கு கதவுகளின் முன் மண்டியிட வேண்டும், பிறகு அவரும் மாமியாரும் வாழ்ந்த வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். என்னால் முடியாது.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு. வேண்டாம், கிழித்துவிடு.

ஹிசாயோ


ஹகோதாதே,
ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன்.

ரிட்சு அம்மாவுக்கு நானாக ஒரு வரிகூட எழுத மாட்டேன். உங்கள் வாயிலிருந்து எடுத்து நான் சொன்னால் உங்களுக்கு ஒன்றுமே மிஞ்சாது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். அவர் எரிந்த வீட்டை மட்டும் இழக்கவில்லை. தான் புத்தி பிசகியவள் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதை ஒரே வாக்கியத்தில் திருப்பிக் கொடுக்க முடிந்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

கொமாட்சு ரயிலில் அரை மணி நேரம்தானே.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை "நான் நலம்" என்று எழுதவில்லை. கவனித்தேன்.

தங்கை
தோமோயே


கனாசாவா,
ஜூலை 20

அன்புள்ள தோமோயேவுக்கு,

போய்வந்தேன். பதினேழாம் தேதி போனேன். அன்று தண்டு வறுக்கவில்லை. அவருக்கு வெறும் தண்ணீர் வைத்தேன்.

ரிட்சு மாடியில் ஒரு சின்ன அறையில் இருந்தார். பாதியாக இளைத்திருந்தார். நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர் அலமாரியைக் காட்டினார். துடைத்து வைத்த பாதி மூடி அங்கே இருந்தது.

"வாங்க ஹிசாயோ அம்மா. ஒரு பாதி இங்க இருக்கு. இன்னொரு பாதி கொண்டாந்தீங்களா?"

கொண்டுபோயிருந்தேன். துணியைப் பிரித்து அவர் முன் வைத்தேன். அவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுல கரியே கெடையாது. எல்லாம் கேஸ். பெட்டியப் பிரிச்சதும் இது யாருதுன்னு தெரிஞ்சிடுச்சு. வருவாங்க, இன்னிக்கு வருவாங்கன்னு பாத்தேன். ஆறு வாரம்."

"தீ என்னுடையது" என்றேன். ரயிலில் தயாரித்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. சாடியைக் கழுவி ஒளித்ததையும், ஷிமோதாவிடம் பொய் சொன்னதையும் சொன்னேன்.

"நாலு மாசமா ஒரு டீ போடல நான்" என்றார். "இந்த வீட்டுப் பொண்ணு சமைச்சு முடிச்சதும் பின்னாடியே போய் அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். பயந்துபோய் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு என்ன கெழமை, நூத்துலேர்ந்து ஏழு போனா எவ்வளவுன்னு கேக்கறான் ஒரு சின்னப் பய. பதில் எல்லாம் சரியாத்தான் சொன்னேன். சொல்லிட்டு, அதையும் நம்பல."

நான் குனிந்தபடியே இருந்தேன்.

"அன்னிக்கு உங்க வாசல்ல என்னைக் குனிய வெச்சு, நேரா உக்காந்துக்கிட்டு, 'நடக்கறதுதானே, கவலைப்படாதீங்க'ன்னீங்க. எவ்வளவு பெரிய மனுஷின்னு உங்களை மனசுக்குள்ள கும்புட்டுக்கிட்டே போனேன் நான். அந்தக் கும்பிடைத் திருப்பிக் குடுங்க மொதல்ல!"

கீழேயிருந்து அந்தப் பெண் என்னவென்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, பழைய பக்கத்து வீட்டுக்காரங்க" என்றார் ரிட்சு.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்கிட்ட மன்னிப்பு வேணாம். நான் போன பதினாலு கதவுக்கும் போங்க. நான் போன வரிசையிலேயே. நான் சொன்ன வார்த்தையையே சொல்லுங்க. மொதக் கதவு உங்களுது. அதுக்கு பதிலா என்னுது."

"உங்கள் வீட்டுக்கு இப்போது கதவு இல்லையே" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்."

கிளம்பும்போது முட்டுக்கட்டைகளைப் பற்றிக் கேட்டேன். எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு. "இருக்கட்டும். உங்க வீடு விழுந்தா அதுக்கும் நான்தான் காரணம்பாங்க."

ஹிசாயோ


கனாசாவா,
ஆகஸ்ட் 5

அன்புள்ள தோமோயேவுக்கு,

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கறுப்புக் கிமோனோ அணிந்து வெளியே வந்தேன். வெயிலில் ஆறு கண்ணைக் கூசவைத்தது. ஞாயிறு என்பதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

முதலில் ரிட்சுவின் மனை. முட்டுக்கட்டைகளுக்கு இடையில் நுழைந்து, வாசல் கல் இருந்த இடத்தை ஷிமோதா சொன்ன அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்து, மண்டியிட்டேன். என் வீட்டின் எடை அந்தக் கட்டைகளில் முனகுவது அங்கே உட்கார்ந்தால் கேட்கிறது. "என் வீட்டுத் தீயால உங்களுக்குப் பெரிய தொந்தரவு குடுத்துட்டேன்" என்று, சந்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். ஜன்னல் மறைப்புகளுக்குப் பின்னால் பேச்சு நின்றது. கவலைப்படாதீர்கள் என்று சொல்ல அங்கே யாருமில்லை. நெற்றியை எப்போது எடுப்பது என்று தெரியவில்லை.

எழுந்தபோது இரண்டு முழங்காலிலும் கரிச்சேறு. அப்படியே மீதிப் பதின்மூன்று கதவுகளுக்கும் போனேன்.

பன்னிரண்டு வீடுகளில் நான் கொண்டுபோன துண்டை வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "நடக்கறதுதானே, கவலைப்படாதீங்க." கதவைச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டார்கள். தேநீர்க் கடைக்கார முராய் மட்டும் துண்டை வாங்கவில்லை. "இதே வாசல்ல ரிட்சு அம்மாவை நான் திட்டி அனுப்பினேன். அந்தத் திட்டை நான் எங்க போய்த் திரும்ப எடுக்கறது?" என்றார். அவர் அழுதார். எனக்கு அவர் கதவுதான் தாங்கிக்கொள்ளும்படி இருந்தது.

மாலையில் ரிட்சுவின் உறவுப் பெண் தொலைபேசியில் பேசினாள். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார்களாம். "சரி" என்றாராம். அடுப்புப் பக்கம் போய்த் திருகியில் கைவைத்தாராம். சிறிது நேரம் நின்றுவிட்டு, பற்றவைக்காமல் திரும்பிவிட்டாராம்.

மார்ச்சில் அவர் எனக்குத் தந்த துண்டு இதுவரை தாள் பிரிக்காமல் இழுப்பறையில் இருந்தது. நேற்று அதைப் பிரித்து முழங்காலைத் துடைத்தேன்.

வீட்டை இந்த மாத முடிவில் காலி செய்கிறேன். அதன் பிறகு முட்டுக்கட்டைகளை எடுத்துவிடலாம் என்று ஷிமோதாவிடம் சொல்லிவிட்டேன். கூடத்துக் கதவில் சந்து இப்போது ஒரு கை அகலம். இங்கே உட்கார்ந்தே ஆறு தெரிகிறது.

நீ கடிதத்துக்குக் கடிதம் என் உடம்பைக் கேட்டாய். நானும் நலம் என்றே எழுதிவந்தேன். நான் நலமாக இல்லை, தோமோயே. வியாழக்கிழமை ரயிலில் வா. சாமான்களைத் தனியாகக் கட்டி முடிக்க முடியவில்லை.

உன் அக்கா
ஹிசாயோ